தராசு யார் கையில்? ஒரு கேள்வியும் தொடர் குறிப்புகளும்

கேள்வி – 5 ஜனவரி 2025

"விமானம் என்றால் சந்தேகம், எட்டு வழிச்சாலை என்றால் சந்தேகம், டிரோன் என்றால் சந்தேகம். சந்தேகப்படுவதற்குச் செலவில்லை, அதனால்தான் எல்லோரும் அதைச் செய்கிறார்கள். அண்மைக் காலத்தில் சேலத்துக்கு வந்த புதிய தொழில்நுட்பம், அரசுத் திட்டம் ஏதாவது ஒன்றையாவது நீங்கள் முழு மனத்தோடு ஒப்புக்கொண்டதுண்டா? இல்லையென்றால் இதற்குப் பெயர் அறிவு இல்லை, பிடிவாதம்." ஓசூரில் வேலை பார்க்கும் சேலத்து இளைஞர் ஒருவர் கேட்டது.

6 ஜனவரி 2025

உண்டு. ஒரு குளவியை ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன். செலவில்லை என்ற வாதத்தை முதலில் பார்த்துவிடுவோம்.

நான் பல ஆண்டுகள் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் கணக்கு எழுதியவன். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) லோடு உள்ளே வந்ததும் எடை மேடையில் ஏற்றி டன் கணக்கை எடுத்துவிடுவார்கள். விவசாயிக்குப் போகும் பணம் அந்த டன்னால் மட்டும் முடிவாவதில்லை, கிழங்கில் எத்தனை பாயிண்ட் மாவு என்பதைப் பொறுத்தே விலை. லோடிலிருந்து கொஞ்சம் கிழங்கை எடுத்து, மண் போகக் கழுவி, குறிப்பிட்ட எடைக்குச் சரிசெய்து, கூடையில் வைத்துத் தொட்டித் தண்ணீரில் முழுக அமிழ்த்தி மறுபடியும் எடை பார்ப்பார்கள். மாவு தண்ணீரைவிட அடர்த்தி மிகுந்தது. ஆகவே மாவு அதிகமுள்ள கிழங்கு தண்ணீருக்குள்ளும் கூடுதல் எடை காட்டும். அறிவியலைப் பொறுத்தவரை இதில் பழுது சொல்ல இடமில்லை.

பழுது வேறிடத்தில் இருக்கிறது. லோடின் எந்தப் பக்கத்திலிருந்து எந்தக் கிழங்கை எடுப்பது என்பதை ஆலையின் ஆள் முடிவு செய்கிறார். கூடை தொட்டிச் சுவரில் இலேசாக உரசினாலே முள் இறங்கிவிடும். கிழங்குகளின் இடுக்கில் காற்றுக் குமிழி தங்கினாலும் இறங்கும். மண் ஒட்டியிருந்தால் மட்டும் ஏறும், எனவே கழுவுகிற விஷயத்தில் மட்டும் ஆலைக்கு அளவற்ற அக்கறை வந்துவிடும். விவசாயி பக்கத்தில் நின்று பார்க்கலாம், மறுத்தும் பேசலாம். ஆனால் பிடுங்கிய கிழங்கு ஓரிரு நாளில் உள்ளே நீலம் பாய்ந்து கெடத் தொடங்கிவிடும் என்பதும், லோடைத் திருப்பி ஓட்டிப் போக அவரால் முடியாது என்பதும் இரு தரப்புக்கும் தெரியும். அந்த இடத்தில் சந்தேகப்படுகிறவருக்கு லாரி வாடகையும் ஆள்கூலியும் ஒரு நாள் பொழுதும் செலவு. திண்ணையில் உட்கார்ந்து சந்தேகப்படுவதுதான் இலவசம்.

அந்தத் தொட்டியருகே நின்று நான் கற்றுக்கொண்டது ஒரே ஒரு கேள்வி. இந்த எண்ணை அளந்தவர் யார், இந்த எண்ணால் ஆதாயம் பெறுகிறவர் யார், இருவரும் ஒருவரேதானா? ஒருவரேயென்றால், வேறொருவர் கையில் இன்னொரு தராசு வரும்வரை நான் தலையாட்டுவதில்லை.

7 ஜனவரி 2025

டிஜிட்டல் தராசு வைத்துவிட்டால் தீர்ந்தது என்கிறார் ஆத்தூரிலிருந்து ஒருவர். முள் போய்ச் சிவப்பு எழுத்து வரும், ஐயா. கூடையை அமிழ்த்துகிற கையும் கிழங்கைப் பொறுக்குகிற கையும் அதே கைகள். எழுத்து மின்னுகிறது என்பதற்காக மறுத்துப் பேசுகிறவரின் குரல் இன்னும் கொஞ்சம் தாழ்ந்துபோகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

9 ஜனவரி 2025

குளவிக் கதை.

மரவள்ளியைத் தாக்கும் மாவுப்பூச்சியில் ஒரு வகை தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. 1970களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, கோடிக்கணக்கான மக்களின் அன்றாட உணவான பயிரை அழித்தது. அது பிறந்த மண்ணில் அதைக் கட்டுக்குள் வைத்திருப்பது எது என்று தேடிப்போன ஆய்வாளர்கள் 1981இல் பராகுவேயில் ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கண்டார்கள். அனாகைரஸ் லோபேஸி என்பது அதன் பெயர். மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். உள்ளே பொரித்த புழு பூச்சியைத் தின்று கூடாக்கிவிட்டு வெளியே வரும். அதை ஆப்பிரிக்காவில் பரப்பிய பணிக்காக ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

அதே மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தின் திருச்சூரில் தென்பட்டது. அங்கிருந்து சேலம், நாமக்கல் பக்கம் வர வெகுகாலம் பிடிக்கவில்லை. வாழப்பாடிக்கு அருகில் இருக்கும் எங்கள் கொல்லையிலும் வந்தது. நுனி இலைகள் விரியாமல் சுருண்டு முட்டைக்கோசு போல் கொத்தாகக் கட்டிக்கொண்டன. கணுவுக்குக் கணு இடைவெளி குறைந்து, தண்டு கோணிக்கொண்டு நின்றது. அந்தக் கொத்தைப் பிரித்தால் உள்ளே வெள்ளை மெழுகுத் தூளுக்கு அடியில் பூச்சி. மருந்துக்கடையில் கொடுத்ததையெல்லாம் அடித்தோம். மெழுகுப் போர்வைக்குள் இருப்பதற்கு மருந்து எட்டவில்லை, அதைத் தின்ன வந்த மற்றப் பூச்சிகள்தாம் செத்தன.

பெங்களூரில் உள்ள வேளாண் பூச்சி வளங்களுக்கான தேசிய நிறுவனம் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அந்தக் குளவியை வரவழைத்து, பிற உயிர்களுக்குத் தீங்கில்லை என்பதைச் சோதித்துப் பெருக்கியது. 2022இல் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தின் வழியாக நம் பக்கத்தில் அது விடப்பட்டது. அதற்குப் பிறகு வந்த பருவங்களில் எங்கள் கொல்லையில் கொத்து கட்டுவது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

கொல்லையில் குறைந்ததற்காக மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆப்பிரிக்காவில் இதைச் சோதித்தவர்கள் சில செடிகளுக்குக் குளவி புகமுடியாதபடி வலையுறை போட்டுவிட்டு, பக்கத்துச் செடிகளைத் திறந்துவிட்டு, இரண்டிலும் பூச்சியை எண்ணினார்கள். உறைக்குள் பூச்சி பெருகியது, வெளியே அடங்கியது. அதுதான் நான் கேட்கும் இன்னொரு தராசு. குளவிக்கு ஆண்டுச் சந்தாவும் இல்லை. ஒருமுறை நிலைபெற்றுவிட்டால் தானே பெருகித் தானே பரவும், அதை மறுபடி விற்றுப் பிழைக்க ஒருவராலும் முடியாது. ஆதாயம் பெறுகிறவர் அளக்கவில்லை, அளந்தவருக்கு ஆதாயம் இல்லை. இப்படி அமைவது அபூர்வம், தம்பி. அதனால்தான் என் பட்டியல் குட்டையாக இருக்கிறது.

11 ஜனவரி 2025

பெத்தநாயக்கன்பாளையத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருப்பது மேலே உள்ளதைவிடக் கூர்மையானது. மாவுப்பூச்சி வறட்சிக்காலத்துப் பூச்சி, கனமழை பெய்தால் தானாகவே கழுவிக்கொண்டு போகும், குளவி விட்ட 2022இல் நல்ல மழையாயிற்றே, புகழைக் குளவிக்குக் கொடுப்பானேன் என்று கேட்கிறார்.

சரியான கேள்வி. என் கொல்லையை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. நான் எந்தச் செடிக்கும் வலையுறை போடவில்லை, மழை பெய்ததும் குளவி வந்ததும் ஒரே ஆண்டு. ஆப்பிரிக்கச் சோதனைதான் குளவியின் பங்கைத் தனியே பிரித்துக் காட்டுகிறது. அங்கே நடந்தது இங்கேயும் அதே அளவில் நடந்தது என்பதற்கு, மழை குறைந்த கோடையில் நம் ஊரிலேயே உறைபோட்டும் போடாமலும் எண்ணிப் பார்க்க வேண்டும். கொஞ்சம் பொறுமையுள்ள வேளாண் கல்லூரி மாணவர்களே இதைச் செய்துவிடலாம். குளவி வேலை செய்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. எங்கள் கொல்லையின் தெளிவில் அதன் பங்கு எவ்வளவு, மழையின் பங்கு எவ்வளவு என்பதில் இருக்கிறது.

12 ஜனவரி 2025

ஒப்புக்கொண்ட ஒன்றையும் சந்தேகித்துவிட்டீர்களே என்று ஓசூர்த் தம்பி சிரிக்கிறார். அளவைத்தான் சந்தேகித்தேன். ஆளை விட்டுவிடுங்கள், பொங்கல் வேலை இருக்கிறது.

18 ஜனவரி 2025

டிரோன். 15,000 மகளிர் குழுக்களுக்கு மருந்து தெளிக்கும் டிரோன் தரும் திட்டத்துக்கு 2023 நவம்பரில் மத்திய அமைச்சரவை 1,261 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் கொடுத்தது. விலையில் 80 விழுக்காடு, அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய்வரை மானியம்.

எங்கள் பக்கத்தில் செயல்விளக்கம் நடந்தபோது போய்ப் பார்த்தேன். இரைச்சலோடு எழும்பி, ஓர் ஏக்கரைச் சில நிமிடங்களில் முடித்துவிட்டு இறங்கியது. கைதட்டினார்கள், நானும் தட்டினேன். முதுகில் டேங்க் சுமந்து, மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு மருந்தடித்த எவரும் அதைப் பார்த்துக் கைதட்டத்தான் செய்வார்கள். ஆனால் தட்டிக்கொண்டே இலையைத் திருப்பிப் பார்த்தேன். மேற்பரப்பு நனைந்திருந்தது, அடிப்பரப்பு பெரும்பாலும் காய்ந்தே இருந்தது. மரவள்ளியின் பூச்சிகளில் முக்கியமானவை குடியிருப்பதோ அடிப்பரப்பிலும் சுருண்ட நுனிக்குள்ளும். நெல்லுக்கு இது பொருந்தலாம், சத்துக் கரைசல் தெளிக்க நன்றாகவே பொருந்தும். அன்று மேடையில் சொன்ன எண்கள் எல்லாம் ஒரு மணி நேரத்தில் எத்தனை ஏக்கர், எத்தனை லிட்டர் தண்ணீர் மிச்சம் என்பவை. பூச்சி எவ்வளவு குறைந்தது என்ற எண்ணை ஒருவரும் சொல்லவில்லை. அளக்க எளிதானதை அளந்துவிட்டு, அளக்க வேண்டியதை அப்படியே விட்டுவிடுவது டிரோனுக்கு மட்டும் உரிய குணமும் இல்லை.

19 ஜனவரி 2025

இதன் தொடர்ச்சியாகச் செல்பேசிச் செயலிகளைப் பற்றி ஒரு வரி கேட்டிருக்கிறார்கள். இலையைப் படம் பிடித்துப் போட்டால் செயற்கை நுண்ணறிவு நோயைச் சொல்லும் என்கிற செயலி ஒன்றில் தேமல் நோய் கண்ட மரவள்ளி இலையைப் போட்டேன். துத்தநாகக் குறைபாடு என்றது. மஞ்சள் பாய்வதைக் கண்டு குழம்புவது இயல்பு, மனிதர்களும் குழம்புவார்கள். தேமல் வைரஸால் வருவது. வெள்ளை ஈ பரப்பும், நோயுள்ள செடியிலிருந்து எடுத்த விதைக் கரணை அதைவிட அதிகமாகப் பரப்பும். எந்தத் தெளிப்பாலும் குணமாகாது, நோயற்ற கரணையைத் தேடி நடுவதுதான் வழி. செயலி நோயைத் தவறாகச் சொன்னதைவிட, கீழேயே துத்தநாகச் சத்துப் புட்டியின் படத்தையும் "வாங்குக" என்ற பொத்தானையும் காட்டியதுதான் என்னை நிறுத்தியது. வைத்தியரும் மருந்துக்கடைக்காரரும் ஒரே சட்டைக்குள் இருக்கும்போது, "நோய் ஒன்றுமில்லை, சும்மா இருங்கள்" என்ற பதில் வருவதற்கு வழியே இல்லை.

2 பிப்ரவரி 2025

விமான நிலையம். காமலாபுரத்தில் ஓடுபாதை போட்டு 1993இல் திறந்தார்கள். அப்போது வந்த சேவை நிலைக்கவில்லை. 2009இல் கிங்ஃபிஷர் வந்தது, அதுவும் நிலைக்கவில்லை. சிறு ஊர்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தின்கீழ் 2018 மார்ச்சில் ட்ரூஜெட் வந்து சில ஆண்டுகள் பறந்து நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர், இண்டிகோ இரண்டும் வந்தன. ஒவ்வொரு முறையும் முதல் விமானம் இறங்கும்போது தண்ணீர் பீய்ச்சி வரவேற்கிறார்கள், மறுநாள் நாளிதழில் முதல் பக்கப் படம். கடைசி விமானம் போன நாளை எங்கும் படமாகப் பார்த்த நினைவில்லை.

உடான் எப்படி இயங்குகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் கட்சி பேசுகிறவர்கள்தாம் அதிகம். விமானத்தில் பாதி இருக்கைகள்வரை கட்டண உச்சவரம்புக்குள் விற்கப்படும். அதனால் நிறுவனத்துக்கு ஏற்படும் துண்டை மூன்றாண்டுகளுக்கு அரசு நிரப்பும். அந்த நிதியின் பெரும்பகுதி மற்ற வழித்தடங்களில் பறக்கும் விமானங்கள்மீது விதிக்கும் வரியிலிருந்து வருகிறது, மாநில அரசும் ஒரு பங்கு தருகிறது. மூன்றாண்டுகளில் பயணிகள் பழகிவிடுவார்கள், பிறகு தடம் தன் காலில் நிற்கும் என்பது நினைப்பு.

நினைப்பு பலித்ததா என்று அளந்தவர் அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜி. 2023இல் வெளியான அறிக்கையின்படி, முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கப்பட்ட 774 தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371இல் 112 மட்டுமே மூன்றாண்டுகளை நிறைவு செய்தன. மானியக் காலத்துக்குப் பின்னும் 2023 மார்ச் நிலவரப்படி ஓடிக்கொண்டிருந்தவை 54. நூற்றுக்கு ஏழு. திறப்பு விழா மேடையில் 774 ஒலிக்கும், 54 தணிக்கை அறிக்கையின் நடுப்பக்கத்தில் இருக்கும்.

ஓமலூர்க்காரர் ஒருவர் கோபித்துக்கொண்டு, பெரிய ஊர்க்காரனுக்கு மட்டும்தான் விமானமா என்று கேட்டிருக்கிறார். எனக்கும் அந்தக் கோபம் உண்டு. சேலத்திலிருந்து அவசரமாகச் சென்னை போகவேண்டிய நோயாளிக்கும் ஜவுளி வியாபாரிக்கும் அந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயம். நான் கேட்பது, நான்காம் ஆண்டின் கணக்கை முதல் ஆண்டிலேயே மக்கள் முன் வையுங்கள் என்பதை மட்டும். இருக்கை நிரம்பிய விகிதத்தை மாதந்தோறும் விமான நிலைய வாசலில் ஒட்டினால் போதும். இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடியுமுன் சென்னை என்பது இந்த ஊரில் பழகிப்போன கணக்கு. எந்த விமானமும் போட்டி போடவேண்டியது அந்தக் கணக்கோடுதான்.

3 பிப்ரவரி 2025

எட்டு வழிச்சாலையைப் பற்றி எழுதமாட்டேன் என்றிருந்தேன். நான்கு பேர் கேட்டுவிட்டதால் அரசியலை விட்டுக் கூட்டல் கழித்தலை மட்டும் எழுதுகிறேன். 2018இல் அறிவித்தபோது நீளம் சுமார் 277 கிலோமீட்டர், செலவு 10,000 கோடி, சேலத்திலிருந்து சென்னைக்கு இரண்டே கால் மணி நேரம் என்றார்கள். 277ஐ இரண்டே காலால் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 123 கிலோமீட்டர் சராசரி வருகிறது. நாட்டின் அதிவிரைவுச் சாலைகளில் காருக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வேகமே 120. அதாவது, சென்னை எல்லைவரை எங்கும் நிற்காமல், அரூர்ப் பக்கம் ஒரு டீகூடக் குடிக்காமல், வழியெல்லாம் சட்டத்தை மீறி ஓட்டினால் அந்த நேரம் கைகூடும். நிலம் கொடுக்க மறுத்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிப்புகளை ரத்து செய்ததும், 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் பெருமளவு மாற்றியதும் எல்லோரும் அறிந்தவை. இரண்டு நீதிமன்றங்கள்வரை போன திட்டத்தில், அந்த வகுத்தலை அமைச்சகத்தில் ஒருவரும் போட்டுப் பார்க்காதது எப்படி என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு.

4 பிப்ரவரி 2025

சராசரி வேகத்தையும் உச்ச வேகத்தையும் குழப்புகிறேன் என்று ஒரு பொறியாளர் திருத்த வந்திருக்கிறார். சராசரி ஒருபோதும் உச்சத்துக்கு மேலே போகமுடியாது, ஐயா. திருத்தம் என் பக்கம்தான் சாய்கிறது.

14 பிப்ரவரி 2025

உருக்காலையைச் சந்தேகப்படும் துணிச்சல் உண்டா என்று சவால். சேலத்துக்காரனுக்கு உருக்காலை ஒரு குலதெய்வம் மாதிரி, கைவைக்கத் தயக்கம்தான். ஆனாலும் வரலாறு சுவையானது.

கஞ்சமலையில் இரும்புத் தாது இருப்பது மிகப் பழைய செய்தி. 1830 வாக்கில், கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியராக இருந்த ஹீத் என்பவர் சேலத்துத் தாதை நம்பிப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். கம்பெனி அரசு கடன் மேல் கடன் கொடுத்தது. தாது நல்லதுதான், உலைக்கு எரிக்க மரக்கரி கட்டுபடியாகவில்லை. ஆலை மூழ்கிற்று. நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து, 1970 செப்டம்பரில், இந்திரா காந்தி சேலத்தில் அடிக்கல் நாட்டினார். அப்போதும் பேச்சு கஞ்சமலைத் தாதும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும். 1980களின் தொடக்கத்தில் ஆலை ஓடத் தொடங்கியபோது, அது கஞ்சமலைத் தாதைத் தொடவே இல்லை. வெளியிலிருந்து வந்த சுருளைக் குளிர்நிலையில் உருட்டித் துருப்பிடிக்காத எஃகுத் தகடாக்கும் ஆலையாக அமைந்தது. எஃகை உருக்கும் கூடமே 2010இல்தான் வந்தது. ஊர் வாயில் மட்டும் அது முதல் நாளிலிருந்தே "உருக்காலை".

இதை ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. கஞ்சமலைத் தாதில் இரும்பின் பங்கு குறைவு, அதைச் செறிவூட்டி உருக்கும் செலவைப் பார்த்தபிறகு திட்டத்தை மாற்றிக்கொண்டது அறிவுள்ள செயல். நாணயங்களுக்கான வட்டத் தகடுகள்கூட அங்கே தயாராகின்றன. எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன. என் குறை, மாற்றம் மெல்ல நடந்ததும் பழைய எண்கள் ஓசையில்லாமல் மறைந்ததும் பற்றியது. தாதுவை நம்பி எடுக்கப்பட்ட நிலத்தின் கணக்கு தகட்டாலைக்கு எவ்வளவு பொருந்தியது என்று அப்போதே உட்கார்ந்து பார்த்திருந்தால், தனியாருக்கு விற்பது பற்றிய பேச்சு 2016க்குப் பின் கிளம்பியபோது இரு பக்கத்தாரும் அரைகுறை எண்களை எறிந்துகொள்ளாமல் இருந்திருக்கலாம்.

16 பிப்ரவரி 2025

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர்: "எங்கள் தொழிலில் உங்கள் கேள்விக்கு எப்போதோ பதில் கண்டாயிற்று. டச், அதாவது வெள்ளியின் தூய்மை, பார்க்கும் மிஷின் வந்துவிட்டது. வைத்த மறுநொடி வெள்ளி எத்தனை, செம்பு எத்தனை என்று சொல்லிவிடும்."

சொல்லிவிடும், மேல்தோலுக்கு மட்டும். எக்ஸ் கதிர் பாய்ச்சிப் பார்க்கும் அந்தக் கருவி உலோகத்தின் மேற்பரப்பில் மிக மெல்லிய அடுக்கைத்தான் படிக்கிறது. வெள்ளி முலாம் பூசிய பண்டத்தை வைத்தால் முலாமின் டச்சைத்தான் காட்டும். கொலுசில் கண்ணிக்குக் கண்ணி பற்றவைப்பு இருக்கிறது, அந்தப் பற்றாசின் டச் குறைவு. கதிர் கண்ணியின் முதுகில் விழுந்தால் ஓர் எண், பற்றின்மேல் விழுந்தால் வேறோர் எண். முழுப் பண்டத்தின் டச் தெரியவேண்டுமானால் உருக்கி, மாதிரி வெட்டி, வேதியியல் முறையில் பார்க்கவேண்டும். அப்போது கொலுசு கொலுசாக இருக்காது.

ஆனால் இந்தத் தொழிலில் ஒன்றை மெச்சவேண்டும். விற்பவர் ஒரு கடையில் டச் பார்க்கிறார், வாங்குபவர் வேறு கடையில் பார்க்கிறார், இரண்டும் பொருந்தாவிட்டால் மூன்றாவது கடைக்குப் போகிறார்கள். சட்டம் சொல்லி நடப்பதில்லை இது. சேகோ ஆலை வாசலில் பத்து ரூபாய்க்குப் பாயிண்ட் பார்த்துக் கொடுக்கும் தனிக்கடை ஏன் இன்றுவரை இல்லை என்று யோசிக்கிறேன். வெள்ளி கெடாது, காத்திருக்கும். கிழங்கு காத்திருக்காது. விடை அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

23 பிப்ரவரி 2025

மின்சார ஸ்மார்ட் மீட்டர் பற்றி ஒரே பத்தி. குளவிக்கு அடுத்தபடி இதற்கு அரை மனத்தோடு ஆதரவு தருகிறேன். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். எடுக்க வருகிறவர் சில நாள் தாமதித்தால் 500 யூனிட்டைத் தாண்டி மேல் அடுக்குக் கட்டணத்தில் விழுகிற வீடுகள் இருக்கின்றன. தேதி தவறாமல் தானே அளக்கும் மீட்டர் அந்த அநியாயத்தை நிறுத்தும். நிபந்தனை ஒன்று: மின் வாரியம் பார்க்கும் அதே மணிக்கணக்கு விவரம் வீட்டுக்காரருக்கும் அப்படியே தெரியவேண்டும். மீட்டரின் விலை யார் தலையில் என்பதை மாட்டுவதற்கு முன்பே எழுத்தில் சொல்லவேண்டும்.

2 மார்ச் 2025

ஏற்காட்டிலிருந்து நாகலூர்ப் பக்கம் சிறு காப்பித் தோட்டம் வைத்திருப்பவர் கேட்ட கேள்விக்குப் பதில் தாமதமாகிவிட்டது, அறுவடை முடியட்டும் என்றிருந்தேன். "ஐரோப்பாவுக்குக் காப்பி போகவேண்டுமானால் தோட்டத்தை வரைபடத்தில் பதியவேண்டும் என்று செல்பேசியோடு வருகிறார்கள். பதியலாமா, மாட்டிக்கொள்வோமா?"

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு சட்டம் போட்டது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காப்பி, கோகோ, ரப்பர், மரம் முதலிய ஏழு பொருள்கள் அங்கே நுழையக்கூடாது. 2024 இறுதியில் நடைமுறைக்கு வரவேண்டியது, 2024 டிசம்பரில் அதை ஓராண்டு தள்ளிவைத்தார்கள். நம் நாட்டுக் காப்பி ஏற்றுமதியில் பெரும்பங்கு ஐரோப்பாவுக்குப் போவதால், சேர்வராயன் மலையில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரையும் இது தொடும். நோக்கத்தில் எனக்குக் குறையில்லை. அளவைப் பாருங்கள்.

நான்கு ஹெக்டேருக்கு மேற்பட்ட தோட்டத்துக்கு எல்லைக்கோடு முழுவதும் வரையவேண்டும், அதற்குக் கீழே ஒரே ஒரு புள்ளி போதும். அந்தப் புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் ஆறு தசம இடங்கள்வரை இருக்கவேண்டும். ஆறாவது தசம இடம் என்பது தரையில் சுமார் 11 சென்டிமீட்டர். சில்வர் ஓக் நிழலுக்குள் நின்று செல்பேசியைத் திறந்தால், செயற்கைக்கோள் சமிக்ஞை இலைகளில் சிதறி, பல மீட்டர் தள்ளிப் புள்ளி விழும். அதாவது சட்டம் அரைச் சாண் துல்லியம் கேட்கிறது, கருவி ஒரு வீட்டு அகலம் பிசகுகிறது, தாளில் மட்டும் ஆறு இலக்கமும் அழகாக அமர்ந்துகொள்ளும். மேலிருந்து படமெடுக்கும் செயற்கைக்கோளுக்கு இன்னொரு சிக்கல்: நிழல்மரத்தின் கீழ் இருக்கும் காப்பியும் காடும் உயரத்திலிருந்து பார்த்தால் ஒரே பச்சை. நீங்கள் முறைப்படி வளர்ந்த சில்வர் ஓக்கை வெட்டி விற்றால், அங்கே உட்கார்ந்திருப்பவரின் திரையில் அது காடு குறைந்ததாகத் தோன்ற இடமுண்டு.

ஆகவே, பதியுங்கள். பதியாமல் விட்டால் வியாபாரி அதைக் காரணம் சொல்லி விலையைக் குறைப்பார், அந்த வாய்ப்பை அவருக்குக் கொடுக்கவேண்டாம். ஆனால் அவர்கள் செல்பேசியில் மட்டும் குறித்துக்கொண்டு போக விடாதீர்கள். மரநிழல் இல்லாத திறந்த இடத்தில், களத்து மேட்டிலோ பாதை ஓரத்திலோ நின்று புள்ளி எடுக்கச் சொல்லுங்கள். அந்த இடம் உங்கள் எல்லைக்குள் இருக்கவேண்டும். எடுத்த எண்களை உங்கள் செல்பேசியிலும் எடுத்து இரண்டையும் ஒப்பிட்டு, பட்டா எண்ணோடு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மரம் வெட்டும் முன்னும் பின்னும் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள், அடியில் காப்பிச் செடி நிற்பது படத்தில் தெரியட்டும். பட்டா இல்லாமல் தலைமுறையாகப் பயிர் செய்கிறவர்கள் உங்கள் அக்கம்பக்கத்தில் இருந்தால், அவர்கள் புள்ளி வைப்பதற்கு முன் வருவாய்த் துறையில் தங்கள் நிலத்தின் வகைப்பாடு என்னவென்று எழுத்தில் கேட்டுக்கொள்ளட்டும்.

3 மார்ச் 2025

அவரே மறுபடி எழுதியிருக்கிறார். சொன்னபடி இரண்டு செல்பேசிகளிலும் எடுத்துப் பார்த்தாராம். அதிகாரிகளின் புள்ளி பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் விழுந்ததாம். திருத்தச் சொன்னதற்கு, செயலியில் ஒருமுறை சேமித்தால் மாற்ற வழியில்லை என்றார்களாம். எழுத்துமூலம் மனுக் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள், கிணற்றின் சொந்தக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.